ஹேர்மிஸ் கப்பல், அதன் தலைவர், அவர்களின் பதக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எனக்கு ஒரு சின்ன கராஜ் இருக்கிறது. வள்ளங்களின் அவுட்போட் எஞ்சின் திருத்துவதுதான் தொழில். சுழியோடிகளைக் கூட்டிக்கொண்டு போகும் படகுகளும் இங்கேதான் வரும். எஞ்சின் சரியாகும்வரை அவர்கள் எங்கள் கடலடியில் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பற்றிக் கதைப்பார்கள். நானும் கேட்டுக் கேட்டு, பிறகு தேடிப் படித்து, கப்பலிலிருந்து கப்டனுக்கும் கப்டனிலிருந்து அவருடைய பதக்கங்களுக்கும் போய்ச் சேர்ந்தேன். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள், வீட்டில் பழைய மெடல் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் என்று பலரும் வந்து அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

"எங்கட கடலுக்குள்ள பெரிய கப்பல் ஒண்டு தாண்டு கிடக்கு எண்டு சொல்றாங்களே, அது என்ன கப்பல்?"

பிரித்தானியக் கடற்படையின் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பல். வேறொரு கப்பலை மாற்றிச் செய்யாமல், விமானம் ஏற்றுவதற்கென்றே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் இதுதான். 1919இல் நீரில் இறக்கினார்கள், 1924இல்தான் சேவைக்கு வந்தது. அதற்குள் ஜப்பான் தன்னுடைய ஹோஷோ கப்பலை 1922இலேயே முடித்துவிட்டது. அதனால் "முதலில் தொடங்கியது ஹேர்மிஸ், முதலில் முடிந்தது ஹோஷோ" என்று சொன்னால் சரியாக இருக்கும்.

நீளம் ஏறத்தாழ 600 அடி. கரையிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் அளவு தூரத்தில், 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் கிடக்கிறது.

"யார் அடிச்சது? மட்டக்களப்பில அப்ப அடிக்கிறதுக்கு என்ன இருந்தது?"

மட்டக்களப்பில் அடிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஜப்பானின் குறி திருகோணமலைத் துறைமுகம். அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்கின. அதே நாளில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் கடலில் மூழ்கடித்தன. அடுத்தது திருகோணமலை என்று பிரித்தானியருக்குத் தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் நின்றால் அகப்பட்டுவிடும் என்று 8ஆம் தேதி இரவே ஹேர்மிஸையும், துணைக்கு அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரையும் தெற்கே, கரையோரமாகப் போகச் சொன்னார்கள்.

9ஆம் தேதி வியாழக்கிழமை காலை திருகோணமலையில் குண்டு விழுந்தது. அது முடிந்து ஹேர்மிஸ் வடக்கே திரும்பி வரும்போது ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. 85 குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. பத்தரை மணிக்குப் பிறகு தொடங்கிய தாக்குதலில், பதினொரு மணிக்கு முன்னரே கப்பல் மூழ்கிவிட்டது.

என் அம்மம்மா அப்போது சிறுபிள்ளை. பங்குனிக் கடைசி, வானம் வெளுத்துக் கிடக்கிறது, கடலுக்குள் இடி முழங்குகிறது என்று எல்லோரும் வெளியே வந்து பார்த்ததாகச் சொல்வார். அரிசி இடித்துக்கொண்டிருந்தவர்கள் உலக்கையைக் கையில் பிடித்தபடியே நின்றார்களாம்.

"விமானம் ஏத்துற கப்பல் எண்டா ஏன் அதில இருந்து ஒரு விமானமும் எழும்பல்ல?"

ஒன்றுமே ஏற்றியிருக்கவில்லை. அதன் 814ஆம் விமான அணி திருகோணமலையில், சீனக்குடாவில் தரையில் நின்றது. இருந்திருந்தாலும் அவை சுவோட்ஃபிஷ் என்ற டோர்பிடோ விமானங்கள். இரண்டு அடுக்கு இறக்கை, மெதுவான வேகம், பிறகு வான்சண்டைக்கென்று செய்ததும் இல்லை. கரையிலிருந்து காவல் விமானம் கேட்டார்கள், அது நேரத்துக்கு வரவில்லை. கப்பலின் கையில் இருந்தது அதன் பீரங்கிகள் மட்டும்தான்.

"எத்தனை பேர் செத்தாங்க, தப்பினவங்கள யார் தூக்கினது?"

ஹேர்மிஸில் 307 பேர். கப்டனும் அவர்களில் ஒருவர். வம்பயரில் தலைவர் கொமாண்டர் மோரன் உட்படச் சிலர், பத்துப் பேருக்குள்தான். இந்தப் பகுதியில் போய்க்கொண்டிருந்த வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் வந்து 590 பேர் அளவில் கடலிலிருந்து தூக்கியது. வெள்ளை நிறம் பூசி, சிவப்புச் சிலுவை போட்ட கப்பல். அதை ஜப்பானியர் தொடவில்லை.

"கல்முனைப் பக்கமும் ஒரு கப்பல் தாண்டதாம், அதும் இதுதானா?"

இல்லை, அது ஹொலிஹொக். சின்னக் காவல் கப்பல். அதே நாள் காலையில் அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போனது. அதே விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. இடம் மட்டக்களப்புக்குத் தெற்கே, இன்றைய அம்பாறை மாவட்டக் கரைக்கு நேரே கடலில் வருகிறது. 1942இல் அம்பாறை மாவட்டமே கிடையாது, அது 1961இல்தான் பிரிந்தது. அதனால் பழைய பதிவுகளில் எல்லாம் "மட்டக்களப்புக்கு அப்பால்" என்றே இருக்கும். கல்முனை, சாய்ந்தமருதுப் பிள்ளைகள் தேடும்போது தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று வருவது இதனால்தான்.

"ஹேர்மிஸ்ட கப்டன் யாரு? அவர் முந்தி என்ன செய்தவர்?"

ரிச்சர்ட் பிரான்சிஸ் ஜோன் ஒன்ஸ்லோ. 1940 மே மாதம் ஹேர்மிஸைப் பொறுப்பெடுத்தார். அடுத்த இரண்டு வருடம் அந்தக் கப்பல் போன வழிதான் அவருடைய போர்க்கால வாழ்க்கை.

முதல் பெரிய வேலை ஆபிரிக்காவின் மேற்குக் கரையில், டக்கார் துறைமுகத்தில். பிரான்ஸ் ஜேர்மனியிடம் சரணடைந்த பிறகு, அதன் புதுப் போர்க்கப்பல் ரிஷெலியூ அங்கே நின்றது. அது ஜேர்மனியர் கைக்குப் போய்விடக் கூடாது என்று 1940 ஜூலை 7 இரவு ஹேர்மிஸிலிருந்து ஒரு மோட்டார் படகை இறக்கினார்கள். லெப்டினன்ட் கொமாண்டர் பிரிஸ்டோ என்ற அதிகாரி அந்தச் சின்னப் படகில் நான்கு ஆழ்நீர்க் குண்டுகளை ஏற்றிக்கொண்டு, இருட்டில் துறைமுகத் தடையைத் தாண்டிப் போய், ரிஷெலியூவின் பின்பக்கத்துக்குக் கீழே போட்டுவிட்டு வந்தார். தண்ணீர் ஆழம் போதாமல் அவை வெடிக்கவில்லை. விடிந்ததும் 814ஆம் அணியின் விமானங்கள் போட்ட டோர்பிடோ ஒன்றுதான் பட்டது. வெடிக்காத குண்டுக்காகப் போன பிரிஸ்டோவுக்கு டி.எஸ்.ஓ. என்ற போர் விருது கிடைத்தது. இந்தப் பிரிஸ்டோவைப் பிறகும் சொல்லுவேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்துக் கடும் மழையில் ஹேர்மிஸ் கோர்ஃபு என்ற பிரித்தானியக் கப்பலோடு மோதியது. தென்னாபிரிக்காவின் சைமன்ஸ்டவுனில் திருத்தினார்கள். 1941இல் இத்தாலிய சோமாலிலாந்துக் கரை, பாரசீகக் குடா, பிறகு இந்து சமுத்திரக் காவல், கடைசியில் திருகோணமலை.

"அவர்ட பேருக்குப் பின்னால எம்.வி.ஓ., டி.எஸ்.சி. எண்டு இருக்கே. அது படிச்சு எடுத்த பட்டமா?"

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். பி.ஏ., பி.எஸ்ஸி. மாதிரி இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. இரண்டுமே அரசர் பெயரில் தரப்படும் விருதுகள். ஆனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லை.

டி.எஸ்.சி. என்பது சண்டையில் காட்டிய துணிவுக்கும் திறமைக்கும் அந்தக் காலத்தில் கடற்படை அதிகாரிகளுக்குத் தந்த வெள்ளிச் சிலுவை. 1901இல் வேறு பெயரில் தொடங்கி, 1914இல் இந்தப் பெயர் வந்தது. எம்.வி.ஓ. சண்டைக்கு அல்ல. அரசருக்கோ அரச குடும்பத்துக்கோ நேரடியாகச் செய்த சேவைக்கு, அரசரே தன் விருப்பப்படி தருவது. விக்டோரியா மகாராணி 1896இல் தொடங்கியது. ஆக, பெயருக்குப் பின்னால் எழுத்து நிறைய இருந்தால் பெரிய வீரர் என்று எண்ண வேண்டாம். ஒவ்வோர் எழுத்தும் எதற்கு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

"டி.எஸ்.ஓ., டி.எஸ்.சி., டி.எஸ்.எம். எல்லாம் ஒண்டுபோல கிடக்கு. என்ன வித்தியாசம்?"

இரண்டாம் உலகப் போரில் யார் செய்தார் என்பதைப் பொறுத்தே பதக்கம் மாறியது. டி.எஸ்.ஓ. அதிகாரிகளுக்கு, பெரும்பாலும் கப்பல் தலைவர், அணித் தலைவர் போன்றவர்களுக்கு. கீழ்நிலை அதிகாரி ஒருவருக்கு அது கிடைத்தால், பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா குறொஸுக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று கடற்படைக்குள் எடுத்துக்கொள்வார்கள். டி.எஸ்.சி. அடுத்த படி, அதுவும் அதிகாரிகளுக்கு. டி.எஸ்.எம். சாதாரண மாலுமிகளுக்கும் கீழ்நிலைப் பதவியினருக்கும்.

ஒரே பீரங்கியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்த இருவரில், அதிகாரிக்கு வெள்ளிச் சிலுவை, மாலுமிக்கு வட்டப் பதக்கம். இது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது. பிரித்தானியரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 1993இல் டி.எஸ்.எம்.மை நிறுத்திவிட்டு, டி.எஸ்.சி.யைப் பதவி பார்க்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

"'பார்' எண்டா என்ன? டி.எஸ்.ஓ.வும் மூண்டு பாரும் எண்டு வாசிச்சன்."

அதே பதக்கம் மறுபடியும் கிடைத்தால் இரண்டாவது பதக்கம் தருவதில்லை. ரிப்பனில் குறுக்கே ஒரு சின்னப் பட்டை போடுவார்கள், அதுதான் பார். மூன்று பார் என்றால் மொத்தம் நான்கு தடவை. டி.எஸ்.சி.யை நான்கு தடவை பெற்றவர் நோர்மன் மோர்லி ஒருவர் மட்டும்தான்.

"அப்ப எங்கட ஒன்ஸ்லோதானே நாலு டி.எஸ்.ஓ. எடுத்தவர்? இணையத்தில அப்படித்தானே இருக்கு."

இல்லை. இதில் நானும் ஒரு வருடம் பிழையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடற்படையில் அதே காலத்தில் இரண்டு ரிச்சர்ட் ஒன்ஸ்லோ இருந்தார்கள். நம் கடலில் இறந்தவர் ரிச்சர்ட் பிரான்சிஸ் ஜோன் ஒன்ஸ்லோ, எம்.வி.ஓ., டி.எஸ்.சி. மற்றவர் ரிச்சர்ட் ஜோர்ஜ் ஒன்ஸ்லோ. அஷாந்தி என்ற நாசகாரியின் தலைவராக, ரஷ்யாவுக்குப் பொருள் கொண்டுபோன வடதுருவக் கடல் அணிகளுக்குக் காவல் போனவர். டி.எஸ்.ஓ.வும் மூன்று பாரும் அவருடையது. போர் முடிந்தும் உயிரோடிருந்து அட்மிரல் ஆனார். நடுப்பெயரைப் பார்க்காமல் தேடினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

"கப்பலோட தாண்டு போன கப்டனுக்கு ஏன் விக்டோரியா குறொஸ் குடுக்கல்ல? தோத்ததாலயா?"

இதுதான் என்னிடம் வரும் கேள்விகளில் கனமானது. கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

அந்தக் காலத்து விதி இப்படி: சண்டையில் இறந்துபோனவருக்கு விக்டோரியா குறொஸ் தரலாம், அல்லது பெயரை அறிக்கையில் குறிப்பிடலாம். இடையில் உள்ள டி.எஸ்.ஓ., டி.எஸ்.சி., டி.எஸ்.எம். எதையும் இறந்தவருக்குத் தர முடியாது. டி.எஸ்.சி., டி.எஸ்.எம். இரண்டுக்கும் 1979இல்தான் அதை மாற்றினார்கள். ஜோர்ஜ் குறொஸ் என்ற வீர விருதும் இறந்தவருக்கு உண்டு, ஆனால் அது எதிரிக்கு முன்னால் நின்று செய்த செயலுக்கானது அல்ல. அதனால் இறந்தவர் ஒன்றில் உச்சிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வரிக் குறிப்போடு நின்றுவிட வேண்டும். முன்னே சொன்ன பிரிஸ்டோ அன்றிரவு துறைமுகத்திலேயே செத்திருந்தால் அவருக்கும் அந்த டி.எஸ்.ஓ. இல்லை. திரும்பி வந்ததால் கிடைத்தது.

விக்டோரியா குறொஸுக்கு யாராவது கண்டிருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும், மேலிடம் ஏற்க வேண்டும். ஹேர்மிஸ் இருபது நிமிடம் அளவில் போய்விட்டது. அதன் மேல்தட்டில் யார் என்ன செய்தார் என்று பார்த்தவர்களில் பலர் கூடவே போய்விட்டார்கள்.

இதே விதியில் அகப்பட்ட ஒருவருடைய கதை அவுஸ்திரேலியாவில் உண்டு. டெடி ஷீன் என்ற 18 வயது மாலுமி. 1942 டிசம்பர் 1 அன்று திமோருக்கு அப்பால் ஆமிடேல் என்ற கப்பல் தாண்டுகொண்டிருந்தபோது, காயத்தோடு போய்த் தன்னைப் பீரங்கியில் கட்டிக்கொண்டு, நீருக்குள் போகும்வரை சுட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு வந்தது அறிக்கைக் குறிப்பு மட்டும். குடும்பமும் மற்றவர்களும் விடாமல் கேட்டு, 2020இல்தான் விக்டோரியா குறொஸ் கொடுத்தார்கள். அவுஸ்திரேலியக் கடற்படைக்கு அதுதான் முதலாவது.

"அறிக்கையில குறிப்பிடுறது எண்டா மெடல் இல்லையா?"

தனிப் பதக்கம் இல்லை. தளபதி மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் பெயர் வரும், லண்டன் கசெட் அரச இதழில் அச்சாகும். அதைக் காட்ட ஒரு சின்ன வெண்கல ஓக் இலையை, போர்ப் பதக்கத்தின் ரிப்பனில் குத்துவார்கள். பழைய ரிப்பனில் ஒரு இலை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

"காக்கா, எங்கட மூத்தாப்பாட நட்சத்திர மெடல் ஒண்டு வீட்டில இருக்கு. அது என்ன வீரத்துக்குக் குடுத்த?"

கல்முனையிலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்து, வேலை மேசையில் எண்ணெய் படாத இடமாகப் பார்த்து அவிழ்த்தார். ஆறு முனை நட்சத்திரம், மஞ்சள் செம்பு நிறம். நடுவில் அரசரின் எழுத்துகளும் மேலே முடியும். சுற்றி உள்ள வளையத்தில் பதக்கத்தின் பெயர் இருக்க வேண்டும், ஆனால் விரலால் தடவித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. ஏனென்று கேட்டேன். வெற்றிலை வட்டாவையும் படிக்கத்தையும் புளி போட்டுத் துலக்கும்போது அவருடைய உம்மா இதையும் சேர்த்துத் துலக்குவாராம், நாற்பது வருடமாக. ரிப்பனைப் பூச்சி அரித்திருந்தாலும் கருநீலம், செம்மஞ்சள், நடுவில் அகலமான சிவப்பு தெரிந்தது. பர்மா நட்சத்திரம்.

இது வீரப் பதக்கம் அல்ல, போர்க்களப் பதக்கம். இன்ன இடத்தில் இன்ன காலம் இருந்தார் என்பதற்குத் தருவது. சொன்னதும் அந்தத் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் இது அவருக்குச் சொல்வது சின்ன விசயம் இல்லை. ஒன்று, மூத்தாப்பா துறைமுகத்தில் வேலை செய்தார் என்றுதான் வீட்டில் கதை. கடற்படைச் சேவையில் கிடைத்த நட்சத்திரம் என்றால் அவர் கடலில் போயிருக்கிறார். இரண்டு, கடற்படையில் இது தனியே வராது. போரின் கடைசி ஆறு மாதத்துக்குள் கடலுக்குப் போனவர்களைத் தவிர, மற்றவர்கள் முதலில் ஆறு மாதம் கடலில் இருந்து 1939-45 நட்சத்திரத்தை எடுத்த பிறகுதான் பர்மா நட்சத்திரத்துக்கு நாள் எண்ணத் தொடங்கும். "இன்னொன்று இருக்க வேணும், தேடுங்க" என்றேன். மூன்றாம் நாள் போன் எடுத்தார். தையல் மெசின் இலாச்சிக்குள் இருந்ததாம். கருநீலம், சிவப்பு, இளநீலம் என்று மூன்று பட்டி. கடற்படை, தரைப்படை, விமானப்படை மூன்றையும் குறிக்கும் நிறங்கள் அவை.

"பின்பக்கம் பேரே இல்ல. அப்ப இது போலியா?"

இல்லை. இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்களை பிரித்தானியா பெயர் பொறிக்காமலேதான் கொடுத்தது. அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இந்தியா பெயர் பொறித்தன. அதனால் வம்பயரில் இருந்த அவுஸ்திரேலியரின் பதக்கத்தில் பெயர் இருக்கும், ஹேர்மிஸில் இருந்தவரின் நட்சத்திரத்தில் இருக்காது. பெயர் இல்லாததால்தான் கூட இருக்கும் கடிதம், அடையாளப் புத்தகம், பழைய உறை எல்லாம் முக்கியம். பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு உறையை எரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உறையில்தான் பெயர் இருக்கும்.

"மட்டக்களப்புக் கடலில நிண்டவருக்கு எதுக்குப் பர்மா நட்சத்திரம்? பர்மா எங்க, நாங்க எங்க?"

பெயர்தான் பர்மா. கடற்படைக்கு அதன் எல்லை வங்காள விரிகுடா. இலங்கையின் தெற்கு முனையிலிருந்து கீழே 300 மைல் போய், அங்கிருந்து சுமாத்திராப் பக்கம் கோடு இழுத்தால், அதற்கு வடக்கே உள்ள கடல் எல்லாம் கணக்கு. நம் கிழக்குக் கரை முழுவதும் அதற்குள் வருகிறது. காலம் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை.

"வம்பயர் கப்பலில முதலில இருந்து கடைசிவரை நிண்ட ஒருத்தருக்கு எத்தனை மெடல் வந்திருக்கும்?"

இது கணக்குப் போட்டுப் பார்க்க நல்ல கேள்வி. கப்பலின் வழியைப் பார்ப்போம். 1940இலும் 1941 நடுப்பகுதி வரையும் மத்தியதரைக் கடல். பிறகு சிங்கப்பூர். 1941 டிசம்பர் 10 அன்று பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டும் மலாயாவுக்கு அப்பால் மூழ்கியபோது, வம்பயர் 225 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. ரிபல்ஸின் கப்டன் டெனன்ட் அவர்களில் ஒருவர். 1942 ஜனவரி 26 இரவு மலாயாவின் எண்டாவ் கரையில், தன்னைவிடப் பல மடங்கு கூடின ஜப்பானியக் கப்பல்களோடு சண்டை. கூடப்போன தானெட் என்ற நாசகாரி தாண்டது, வம்பயர் தப்பியது. அதன் பிறகு இலங்கை.

கடலில் ஆறு மாதம் கடந்ததும் 1939-45 நட்சத்திரம். மத்தியதரைக் கடலுக்கு ஆபிரிக்க நட்சத்திரம். டிசம்பர் 8க்குப் பிறகு மலாயாக் கடலில் நின்றதற்குப் பசிபிக் நட்சத்திரம். பிறகு வங்காள விரிகுடா வருகிறது, ஆனால் பசிபிக், பர்மா இரண்டையும் ஒருவருக்குத் தருவதில்லை. முதலில் எடுத்தது நட்சத்திரம், மற்றது அதன் ரிப்பனில் ஒரு பட்டை. ஆகவே நம் கடலில் நின்ற நாள்கள் அவருடைய பசிபிக் ரிப்பனில் "பர்மா" என்ற ஒரு சொல்லாக இருக்கும். போர்ப் பதக்கமும், அவுஸ்திரேலியர் என்பதால் அந்நாட்டுச் சேவைப் பதக்கமும் சேரும். கப்பலில் இறந்தவர்களுக்கு ஆறு மாதக் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். பதக்கம் வீட்டாருக்குப் போகும்.

"எங்கட தமிழ் ஆக்கள் யாரும் அந்தக் கடற்படையில அதிகாரியா இருந்ததா?"

இருந்தார்கள். போர்க்காலத்தில் இலங்கைக்கென்று ஒரு தன்னார்வக் கடற்படை இருந்தது. துறைமுகக் காவல், கண்ணிவெடி வாருதல் எல்லாம் செய்தது. அதில் அதிகாரியாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் ராஜன் கதிர்காமர், பின்னாளில் வெளிநாட்டமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். 1950 டிசம்பர் 9 அன்று றோயல் சிலோன் கடற்படை தொடங்கியது. 1960 முதல் 1970 வரை அதன் தளபதி அவர்தான், றியர் அட்மிரல் பதவியில். அவருடைய பெயருக்குப் பின்னாலும் எம்.வி.ஓ. உண்டு. அது எதற்குத் தருவது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

"ஆர்.என்., ஆர்.என்.ஆர்., ஆர்.என்.வி.ஆர். எண்டு மூண்டு விதமா எழுதியிருக்கே?"

முதலாவது நிரந்தரக் கடற்படை. இரண்டாவது ரிசேவ், வணிகக் கப்பலில் தொழில் செய்துகொண்டிருந்து போருக்கு வந்தவர்கள். ஹொலிஹொக்கின் தலைவர் அப்படி வந்தவர்தான், அவரும் அன்றே இறந்துவிட்டார். மூன்றாவது தன்னார்வ ரிசேவ். வக்கீல், ஆசிரியர், கிளாக்கர் என்று கரையில் இருந்து வந்தவர்கள். பழைய படத்தில் சட்டைக் கையைப் பாருங்கள். தங்கப் பட்டி நேராக இருந்தால் முதலாவது, பின்னிய மாதிரி இருந்தால் இரண்டாவது, அலை அலையாக வளைந்திருந்தால் மூன்றாவது.

"இதை வித்தா லட்சக் கணக்கில வருமா?"

நட்சத்திரங்களுக்கு வராது. லட்சக்கணக்கில் அடித்துக் கொடுத்தவை. விலை போவது வீரப் பதக்கங்களும், யாருடையது என்று காகிதத்தோடு உறுதிப்படுத்தக்கூடியவையும்தான். விற்பதற்கு முன்னர் லண்டன் கசெட்டில் பெயரைத் தேடுங்கள், பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. சேவைப் பதிவை பிரித்தானிய அரசிடம் விண்ணப்பித்துக் கேட்கலாம். போர் முடிந்து விண்ணப்பிக்காமல் விட்ட பதக்கங்களையும் நெருங்கிய உறவினர் இன்றும் கேட்க முடியும். பிறகு, தயவுசெய்து புளி வேண்டாம், பிராசோவும் வேண்டாம். காய்ந்த மெல்லிய துணி போதும்.

"செத்தவங்களுக்கு இங்க ஒரு நினைவுக் கல்லும் இல்லையே?"

கப்பலோடு போன கடற்படையினரின் பெயர்களை அவர்களுடைய தாய்த் துறைமுகத்து நினைவிடத்தில்தான் பொறிப்பார்கள். ஹேர்மிஸ் இங்கிலாந்தின் பிளைமவுத் பக்கத்துக் கப்பல், அதனால் ஒன்ஸ்லோவும் மற்றவர்களும் பிளைமவுத் கடற்படை நினைவிடத்தில் இருக்கிறார்கள். உடல் கிடைத்துப் புதைத்தவர்களின் போர் மயானம் கிழக்கில் பார்க்க வேண்டுமென்றால் திருகோணமலையில், நிலாவெளி வீதியில் இருக்கிறது. மட்டக்களப்பில் கடற்கரையில் ஒரு சின்னப் பலகையாவது வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை, 307 என்ற எண்ணை மட்டும் போட்டாலும் போதும்.

"நாங்க போய்ப் பார்க்கலாமா? ஒரு சின்னத் துண்டு எடுத்து வரலாமா?"

பார்க்கலாம், ஆனால் எல்லோரும் முடியாது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு 40 மீற்றர்தான் எல்லை. ஹேர்மிஸ் அதற்குக் கீழே, இடது பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதற்குத் தனிப் பயிற்சியும் தனி வாயுக் கலவையும் வேண்டும். பயிற்சி குறைந்தவர்கள் பாசிக்குடாப் பக்கம் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பலைப் பார்க்கலாம், அதுவும் அதே ஏப்ரல் 9இல் தாண்டதுதான், 20 மீற்றர் சொச்ச ஆழம்.

எடுத்து வருவது கூடவே கூடாது. போர்க்கப்பல் மூழ்கினாலும் அந்த நாட்டின் உடைமைதான். அதைவிட, 307 பேரில் பலர் இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறார்கள். ஒருமுறை ஒருவர் பையில் ஒரு பித்தளைத் துண்டோடு என் கராஜுக்கு வந்து, என்னவென்று கேட்டார். என்னவென்று நான் பார்க்கவில்லை. அடுத்த முறை போகும்போது எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். வைத்துவிட்டேன் என்று பிறகு வந்து சொன்னார்.

ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை கடல் படுத்திருக்கும். வாடை தொடங்கினால் போக வேண்டாம். படகு எடுப்பவர்கள் எஞ்சினை முதல் நாளே ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்பது கிலோமீற்றர் வெளியே போய் நின்றால் துடுப்பு வலித்து வர முடியாது.